வருசக்கணக்கா கேட்டும் தேயாத பாட்டுகள்

நான் வன்னியில, விசுவமடுவில வீட்டோட தையல் செய்யிறனான். பிள்ளையள் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டாப் பிறகு மெசின்ல குந்தினா பொழுதுபடும்வரைக்கும் பக்கத்தில பாட்டுப் போய்க்கொண்டிருக்கும், பள்ளிக்கூடம் தொடங்கப்போற நேரமெண்டா யூனிபோம் குவிஞ்சு கிடக்கும், நடுச்சாமம் வரைக்கும் பாட்டும் நானும்தான். புதுசா வந்த பாட்டைப் பற்றி ரெண்டு நாளில எழுதக் கனபேர் இருக்கினம். எனக்குச் சொல்லக்கூடியது வேற, ஒரு பாட்டை வருசக்கணக்காத் திரும்பத் திரும்பப் பாவிச்சாப் பிறகு எது நிக்குது எது தேயுது எண்டது.

இன்னொண்டும் சொல்லவேணும். வன்னி ஆக்களிட்ட ஆர் வந்து நினைவுகளைக் கேட்டாலும் சண்டையையும் இடப்பெயர்வையும்தான் கேப்பினம். கேக்கத்தான் வேணும், நடந்ததுதானே. ஆனா அந்தக் காலத்துக்குள்ளயும் நாங்கள் சிரிச்சனாங்கள், கலியாணம் காட்சி செய்தனாங்கள், கோயில் திருவிழாவில காவடிக்குப் பின்னால ஓடினனாங்கள். அந்தச் சந்தோசத்தைக் காட்ட எங்களிட்ட ஒரு படம்கூட இல்லை, 2009ல எல்லாத்தையும் விட்டிட்டு வந்ததில கலியாணப் பட அல்பமும் போட்டுது கசற் பெட்டியும் போட்டுது. பாட்டுப் போனாத்தான் அந்த நாளெல்லாம் திரும்ப முன்னுக்கு வந்து நிக்கும். அதால எந்தப் பாட்டு சோகத்தைக் கிளறுது எண்டதை விட எந்தப் பாட்டு அந்தச் சிரிப்பைக் கொண்டுவருது எண்டதுதான் எனக்குப் பெரிசு.

முதல்ல கரகாட்டக்காரன். 1989ல வந்த படம், இளையராஜா இசை. நாயனமும் தவிலும் இப்பிடி அள்ளிக் கொட்டின அல்பம் எனக்குத் தெரிஞ்சு குறைவு, அதாலயோ என்னவோ எங்கட ஊர்த் திருவிழாவோட அப்பிடியே ஒட்டிப்போச்சு. மாரியம்மா மாரியம்மா எண்டு மலேசியா வாசுதேவனும் சித்ராவும் எடுக்கிற இடத்தில நான் எங்க இருந்தாலும் வைகாசி மாத வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிடுவன், அந்தப் புழுதி, கச்சான் வறுக்கிற வாசம், மரத்தில கட்டின ஒலிபெருக்கிக் குழாய், அம்மாவின்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நடந்தது எல்லாம். எஸ்பிபியும் ஜானகியும் பாடின மாங்குயிலே பூங்குயிலே வேலைக்கும் சரியான உதவி, என்ரது காலால மிதிக்கிற மெசின், அந்தப் பாட்டுக்குக் கால் தன்ர பாட்டில வேகமாகும், நீட்டுத் தையலெல்லாம் கடகடவெண்டு முடிஞ்சிடும். கொலர் வைக்கேக்க, கை பொருத்தேக்க மட்டும் அதைப் போடக்கூடாது, அதுக்கு மெதுவான பாட்டு வேணும், எனக்கு ரோஜாவில வாற புது வெள்ளை மழைதான் சரி.

ரோஜா 1992ல வந்தது. ஏ.ஆர். ரகுமானுக்கு முதல் படம், முதல் படத்துக்கே தேசிய விருது. அது வந்த நேரம் எங்கட பக்கம் கரண்ட் இல்லை, பற்றரி தடை செய்த சாமான், களவா வந்து கிடைச்சாலும் விலை கேக்க ஏலாது. பழைய பற்றரியை வெயிலில காயவைச்சு ரெண்டு பாட்டுக் கேப்பம், அதுவும் செத்திட்டா சைக்கிள்தான். அண்ணா சைக்கிளைக் கவிட்டு, சீற்றும் ஹான்டிலும் நிலத்தில முட்ட நிறுத்தி, பின்சில்லில டைனமோவை அமத்திவிட்டு கையால பெடலைச் சுத்துவார். டைனமோவால வாற கரண்ட் அப்பிடியே ரேப் றெக்கோடருக்குச் சரிவராது, நடுவில டயோட் போடவேணும், அதை ஒரு பழுதாப்போன றேடியோவில இருந்து கழட்டி ஒட்டினவர். சுத்திறவர் களைச்சா பாட்டும் களைக்கும். சின்னச் சின்ன ஆசையில மின்மினியின்ர குரல் அப்பிடியே இறங்கி இறங்கி ஆம்பிளைக் குரலாப் போகும், "அண்ணா சுத்து, சுத்து" எண்டு நாங்கள் கத்த அவர் வியர்த்து ஒழுக ஒழுக ஒரே வேகத்தில சுத்துவார், குரல் திரும்ப மேல ஏறி வரும், பக்கத்து வளவுப் பிள்ளையளும் சேர்ந்து கைதட்டும். இப்ப ஹெட்போனில அந்தப் பாட்டைத் துல்லியமாக் கேக்கலாம், கீழ போற பேஸ் கிற்றார் முழுக்க விளங்குது, அப்பேக்க அதில ஒண்டும் எங்களுக்குக் கேட்டதில்லை. ரெண்டு மாதிரியும் கேட்டுப்பாத்த ஆளா சொல்லுறன், பாட்டு இப்பத்தான் வடிவு, சந்தோசம் அப்பத்தான் கூட.

தளபதி 1991. ராக்கம்மா கையத் தட்டு பாட்டுக்கு எங்கட வீட்டில தனிக் கதை இருக்கு. அம்மா படப்பாட்டு எண்டாலே முகத்தைச் சுழிப்பா, "பிள்ளை, உதை நிப்பாட்டிப்போட்டுப் படி" எண்டதுதான் வரும். அந்தப் பாட்டுக்கு நடுவில குனித்த புருவமும் தேவாரம் வருமெல்லோ, அப்பர் சுவாமிகள் பாடினது, அம்மா தானே எங்களுக்குச் சொல்லித்தந்த தேவாரம். முதல் முறை அது வரேக்க அரிசி புடைச்சுக்கொண்டிருந்தவ, சுளகைக் கீழ வைச்சிட்டு எழும்பி வந்து ரேப்புக்குப் பக்கத்தில நிண்டவ. முடிஞ்சோன்ன "ஒருக்காத் திருப்பிப் போடு" எண்டா. அதுக்குப் பிறகு அந்தக் கசற்றுக்கு எங்கட வீட்டில தடையே இல்லை. 2002ல பிபிசி உலக சேவை உலகம் முழுக்க வாக்குக் கேட்டு எடுத்த முதல் பத்துப் பாட்டில ராக்கம்மா நாலாவது. அதே பட்டியல்ல அஞ்சாவது இடம் திருமலை சந்திரன் பாடின பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது. எங்கட சனத்தின்ர பாட்டு ஒண்டு உலகப் பட்டியல்ல ஏறினது எனக்கு இப்பவும் பெருமை, ஆனா அதை வேலைக்குப் போடமாட்டன், அதைக் கேக்கிறதெண்டா மெசினை நிப்பாட்டிப்போட்டுத்தான் கேக்கவேணும்.

ராக்கம்மாவில எஸ்பிபியோட சேர்ந்து பாடின சொர்ணலதாவைப் பற்றி ரெண்டு வரி எழுதாமப் போக ஏலாது. சின்னத்தம்பியில போவோமா ஊர்கோலமும் அவதான், கருத்தம்மாவில போறாளே பொன்னுத்தாயி பாடி தேசிய விருது எடுத்தவ. 2010ல 37 வயசிலயே போய்ச் சேர்ந்திட்டா. ஒரே குரல் துள்ளிக் குதிக்கவும் செய்யும், தனிய இருந்து அழவும் செய்யும், ரெண்டிலயும் பொய் இராது. இவ்வளவு காலம் கேட்டும் அவ பாடின ஒரு பாட்டுக்கூட எனக்குத் தேயேல்ல.

இனி கசற் கதை. எங்களிட்ட முழுப்படக் கசற்றுகளை விட றெக்கோட்டிங் கடையில பாட்டு எழுதிக் குடுத்து அடிச்ச கசற்றுத்தான் கூட, அண்ணாவின்ர தெரிவு அரைவாசி, எங்கட தெரிவு அரைவாசி. 2009ல அது போனாப் பிறகு பாட்டுகள் ஒவ்வொண்டா யூடியூப்பில கிடைச்சுது, எண்டாலும் ஏதோ குறையுது, என்னெண்டு பிடிபடேல்ல. பிறகுதான் விளங்கினது வரிசை. ஒரு பாட்டு முடியேக்க அடுத்தது என்னெண்டு மனம் முன்னுக்கே ஓடிப் போய் நிக்கும், போன் வேற எதையோ போட்டா அந்த இடம் வெறுமையாக் கிடக்கும். அண்ணா இப்ப பிரான்சில. ஒருநாள் இரவு கோல் எடுத்து "அண்ணா, அந்தக் கறுப்புக் கசற்றில ஏ சைட்டில போவோமா ஊர்கோலத்துக்குப் பிறகு என்ன?" எண்டு கேட்டன். அவர் யோசிக்கவே இல்லை, "குடகு மலைக் காற்றில், அதுக்குப் பிறகு சின்னச் சின்ன ஆசை, அது கடைசியில வெட்டுப்பட்டுத்தான் நிக்கும், ரேப் நீளம் காணாமப் போனது" எண்டார். நான் சி.ஆர். கொப்பியில எழுத எழுத அவர் சொல்லிக்கொண்டே போறார், பி சைட்டில அவருக்கு வராத ரெண்டு பாட்டு எனக்கு வந்தது, அக்காவைக் கேட்டு மிச்சத்தையும் நிரப்பினம். இப்ப அது என்ர போனில அதே வரிசையில இருக்கு. அண்ணாவும் அங்க அதே வரிசையிலதான் வேலைக்குப் போகேக்க கேக்கிறாராம். இதை ஒருக்காச் செய்துபாருங்கோ, உங்கட பழைய கசற்றின்ர வரிசையை வீட்டு ஆக்களைக் கேட்டு எழுதுங்கோ, பாட்டைத் தனித்தனியாக் கேக்கிறதிலயும் இதிலயும் எவ்வளவு வித்தியாசம் எண்டு தெரியும்.

தேயிறதைப் பற்றி. என்ர மச்சாளுக்கு உயிரா இருந்த பாட்டொண்டு, போனில அலாரமா வைச்சவ. இப்ப அது எங்க கேட்டாலும் "அய்யோ விடிஞ்சிட்டுது, இடியப்பம் அவிக்கவேணும்" எண்டதுதான் அவவுக்கு வருது, பழைய நினைவு ஒண்டும் வரேல்லையாம். நானும் கவனிச்சுப் பாத்தன், ஒரு பாட்டை எந்த வேலையோட கூடக் கேக்கிறமோ அந்த வேலைதான் அதில ஏறுது, பழசு அடியில போயிடுது. துணி வெட்டுற கத்தரிக்கோலால என்ர வீட்டில ஒருத்தரையும் கடதாசி வெட்ட விடமாட்டன், இதையும் அப்பிடித்தான் வைச்சிருக்கிறன். தினமும் வேலைக்குப் போடுறது ஒரு பட்டியல், கறுப்புக் கசற் பட்டியல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு மட்டும். அந்த நேரம் மகள் வந்து பக்கத்தில இருப்பா, "ஏனம்மா இந்தப் பாட்டுக்கு மட்டும் தனியச் சிரிக்கிறியள்?" எண்டு கேப்பா, கேட்டா கதை சொல்லவேணும், கதை சொன்னா அடுத்த பாட்டு வந்திடும்.

எங்கட நாட்டுப் பொப் பாட்டுகள், நித்தி கனகரத்தினத்தின்ர சின்ன மாமியே, 2018ல செத்துப்போன ஏ.இ. மனோகரனின்ர சுராங்கனி எல்லாம் தனிய இருந்து கேக்கிற சாமான் இல்லை, நாலு பேர் வேணும், பஸ் சீற்றில தட்ட ஒரு ஆள் வேணும். கலியாண வீட்டில போட்டா வயசு போனவையும் எழும்புவினம்.

கன்னத்தில் முத்தமிட்டால் 2002, சண்டையால பூட்டிக்கிடந்த ஏ9 பாதை, யாழ்ப்பாணம் போற பெரிய ரோட்டு, திறந்த அதே வருசம். முறிகண்டியில பஸ் நிக்க பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினா சின்மயியின்ர ஒரு தெய்வம் தந்த பூவே போகும். படத்தின்ர கதையில எங்கட மாங்குளம் வருது எண்டு பஸ் முழுக்க அதே பேச்சுத்தான். அந்த நேரம் ரோட்டுத் திறந்த சந்தோசம் எங்களுக்குப் பொங்கி வழிஞ்சுது, இந்தப் பாட்டில அது இப்பவும் இருக்கு. அதே அல்பத்தில விடை கொடு எங்கள் நாடேயும் இருக்கு, எம்.எஸ். விஸ்வநாதனின்ர குரல் வந்தாலே எனக்கு மெசின் ஓடாது, அதை வேலைப் பட்டியல்ல இருந்து எடுத்திட்டன்.

சாமான் பற்றிக் கேக்கிறவைக்கு. சின்னப் புளூடூத் ஸ்பீக்கர் காணும், ஆனா பேஸ் மட்டும் திமுதிமுவெண்டு அடிக்கிறதை வாங்காதேங்கோ, பழைய பாட்டில குரல் அமுங்கிப்போகும். சீர்காழி, டிஎம்எஸ் பாடின பழைய பக்திப் பாட்டெல்லாம் ஒரு ஸ்பீக்கரில கேக்கவே வடிவு. எக்கோ போட்டு, 8டி எண்டு போட்டு வாறதைத் தொடவே வேண்டாம். கடையில பென்ட்ரைவுக்கு அடிக்கக் குடுத்தா பேரை எழுதிக் குடுங்கோ, பாடினவரின்ர பேரோட, எனக்கு ஒருக்கா அடிச்சுத் தந்ததில அரைவாசி ஆரோ மேடையில பாடினது.

அல்பமே இல்லாத பாட்டுகளும் இருக்கு. எங்கட அம்மம்மா வயலில நெல் அரிவி வெட்டேக்க பாடினதும், இரவு காவல் கொட்டிலுக்குள்ள பன்றி யானைக்குச் சத்தம் குடுக்க அப்பப்பா இழுத்துப் பாடினதும் எந்தக் கசற்றிலயும் இல்லை, இப்ப வெட்டுற மெசின் வந்து வயலுக்குள்ள அந்தப் பாட்டுக்கு வேலையும் இல்லை. எங்கட ஒழுங்கையில ஒரு ஆச்சி இருக்கிறா, அரிவிப் பாட்டு இன்னும் வாயில வைச்சிருக்கிறா. போனை மேசையில வைச்சுப் பதிஞ்சா கூச்சப்பட்டு நிப்பாட்டிடுறா, கையில வேலையைக் குடுத்தா, பயித்தங்காய் முறிக்கவோ தேங்காய் துருவவோ குடுத்தா, தன்ர பாட்டில பாடுவா, அப்ப நான் போனை மடியில வைச்சுப் பதியிறன், அவவிட்டக் கேட்டுத்தான். துருவலைச் சத்தமும் சேர்ந்து விழுகுது, விழட்டும். காலபோக வெட்டுக்கு முதல் மிச்சத்தையும் எடுத்துப்போட வேணும். உங்கட பக்கத்தில, முள்ளியவளை, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் இப்பிடிப் பாடுற ஆக்கள் ஆரும் இருந்து நீங்கள் பதிஞ்சு வைச்சிருந்தா எப்பிடிச் செய்தனியள் எண்டு சொல்லுங்கோ, அதைவிட எங்கட ஆச்சிக்கு நடுவில ஒரு அடி மறந்துபோச்சு, அது உங்கட ஆரிட்டயும் இருக்கவும் கூடும்.