இலவச சட்ட உதவி மையம்: பதினேழு தென்னைகள் கணக்கில் ஏறிய கதை

நான்குவழிச் சாலைக்காக எங்கள் தோப்பில் 42 சென்ட் எடுத்தார்கள். தீர்வத்தில், அதாவது இழப்பீட்டை முடிவுசெய்து தந்த ஆணையில், 14 தென்னை என்று இருந்தது. நின்றவை 31. என் மாமியார் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். நில எடுப்பு அலுவலகத்தில் கேட்டபோது, “தீர்வம் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்றார்கள். இரண்டு மாதம் அதை நம்பிவிட்டேன். அது இன்னும் ஆறவில்லை.

பிறகுதான் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். கையில் வருமானச் சான்று. அதைப் பார்க்கவே இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாதாம்.

முதலில் ஒதுக்கிய வழக்கறிஞர் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்தேன். பத்து நாளில் வேறொருவரைத் தந்தார்கள். அந்தப் பெண்ணை நான் மறக்க மாட்டேன். உட்கார்ந்ததும், “அடங்கல் நகல் இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். நிலத்தில் என்ன பயிர், என்ன மரம் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கு அது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 3ஜி(5) பிரிவில், இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்கும் நடுவரிடம் முறையிடலாம், நம் ஊருக்கு நடுவர் மாவட்ட ஆட்சியர் என்றார். விட்டுப்போன மரத்துக்கு அதன் விலை மட்டும் போவதில்லை. அந்த விலைக்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்ந்தே போகிறது என்பதை அவர் கூட்டிக் காட்டியபோதுதான் பதறிப்போனேன்.

அளக்க வந்தவர்களே மரங்களில் பெயிண்டால் எண் போட்டிருந்தார்கள், 31 வரை. என் மகன் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தான். அந்தப் படங்களும் மூன்று வருட அடங்கலும்தான் எங்கள் வழக்கு. நகல் எடுத்த செலவைத் தவிர ஒரு ரூபாய் யாரும் கேட்கவில்லை.

குறை சொல்வதானால், செவ்வாய், வியாழன் மட்டுமே அந்த வழக்கறிஞரைப் பார்க்க முடியும். காத்திருக்க நிழல் இல்லை; வயதானவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கொட்டகை போட்டால் போதும்.

போவதற்கு முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்வ நகல், பட்டா, அடங்கல் மூன்றையும் எடுத்துப் போங்கள்.

பதினேழு மரமும் கணக்கில் ஏறிவிட்டது. சென்ட் விலையை நடுவர் உயர்த்தவில்லை. அதற்கு மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். தாள்களை அந்த வழக்கறிஞரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.