கோடு, தூரிகை, கண்: குட்டை ரோஜாவில் புதுநிறம் ஏற்றிய மூன்று வழிகள்

தோட்டத்துக்கென அடக்கமான புதிய ரோஜா வகையொன்றை உருவாக்க நினைப்பவருக்கு, செடியின் உயரத்தைக் குறைப்பது பெரும் தடையன்று. சீன ரோஜாவின் குள்ள வடிவத்திலிருந்து வரும் குட்டைத்தன்மை மரபில் ஓங்கு பண்பாதலால், பெற்றோரில் ஒன்று குட்டையாக இருந்தாலே நாற்றுகளில் கணிசமானவை குட்டையாக அமைந்துவிடுகின்றன. சுவிட்சர்லாந்தின் சன்னலோரத் தொட்டிகளில் கண்டெடுக்கப்பட்ட 'ரூலெட்டி' என்னும் குள்ள ரோஜாவைக் கொண்டு, நெதர்லாந்தின் போஸ்கூப் ஊரில் யான் டி விங்க் உருவாக்கிய 'டாம் தம்ப்' 1936-இல் வெளிவந்தபோதே இது விளங்கிற்று. உண்மையான கடினம், அந்தச் சிறு செடியில் புதிய நிறக்கோலத்தை ஏற்றி, அதை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பூக்கவும் வைப்பதில்தான் இருக்கிறது. கோடு, தூரிகைத் தீற்றல், இதழடிக் கண் ஆகிய மூன்று கோலங்களையும் இந்த அளவுகோலைக் கொண்டே எடைபோட விரும்புகிறேன்.

இவற்றுள் கோட்டு வழி கலிபோர்னியாவின் விசேலியாவில் 1937-இல் நாற்றுப்பண்ணை தொடங்கிய ரால்ஃப் மூருக்குச் சொந்தமானது. 1921-இல் பிரான்சில் வெளிவந்த, இளஞ்சிவப்பில் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும் 'ஃபெர்டினாந்த் பிஷார்' ஆளுயரத்துக்கு வளரும் புதர். மூர் அதன் மகரந்தத்தை 'லிட்டில் டார்லிங்' மீது சேர்த்து, அதில் கிடைத்த நாற்றை 'லிட்டில் சீஃப்' என்னும் சிற்றின (மினியேச்சர்) ரோஜாவோடு கலந்தார். இரண்டே தலைமுறைகளில், 1970-களின் நடுவில், 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' பிறந்தது. இந்த விரைவுக்குக் காரணம் உண்டு. தொடர்ந்து பூக்கும் தன்மை ரோஜாவில் ஒடுங்கு பண்பு. அது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தாக வேண்டும். பிஷார் ரோஜா முதல் பருவத்துக்குப் பின்னும் ஓரளவு பூப்பது என்பதால், மூர் அந்தப் பண்பை இழந்து மீட்க வேண்டிய நிலை ஏற்படவில்லை.

தூரிகை வழியில் அந்த இழப்பு நேர்ந்தது. வட அயர்லாந்தின் போர்ட்டடவுனில் ரோஜா வளர்ப்புக் குடும்பத்தில் பிறந்து, 1972-இல் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த சாம் மெக்ரெடி, ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனத்தின் 'ஃப்ரூலிங்ஸ்மோர்கன்' ('வசந்தக் காலை') என்னும் ரோஜாவிலிருந்து தொடங்கினார். அது பெயருக்கேற்ப வசந்தத்தில் பூத்து ஓய்ந்துவிடுவது. அத்தகைய செடியைக் கலந்தால் முதல் தலைமுறை நாற்றுகள் பெரும்பாலும் முதலாண்டில் பூப்பதே இல்லை. தொடர்ந்து பூக்கும் வகையின் நாற்று முளைத்த இரண்டு மாதங்களில் தன் நிறத்தைக் காட்டிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், வளர்ப்பாளரின் பொறுமைக்கு இது எத்தகைய சோதனை என்பது புரியும். மெக்ரெடி மேலும் மேலும் கலந்து, கடைசியில் 'மார்லினா' என்னும் தாழ்வான ஃப்ளோரிபண்டாவை (கொத்தாகப் பூக்கும் ரோஜாவை) தாயாக்கி, 1971-இல் 'பிக்காசோ'வை வெளியிட்டார். சிவந்த இதழின் விளிம்பிலும் அடியிலும் வெள்ளை தீற்றியதுபோல் விரவியிருந்தது. அதே தூரிகை மரபில் வந்த 'ரெகன்ஸ்பர்க்' (1979) முழங்கால் உயரத்தைத் தாண்டாத அழகிய குத்துச்செடி. என் கண்ணுக்கு மூன்று கோலங்களிலும் நுட்பமானது இதுவே. ஆனால் தீற்றலின் அடர்த்தி தட்பவெப்பத்தைப் பொறுத்து மாறுகிறது. குளிர்ந்த நாளில் தெளிவாகத் தெரியும் ஓவியம் கடும் வெயிலில் மங்கிவிடுகிறது. வெப்பமான சமவெளித் தோட்டங்களுக்கு இதை முதல் தெரிவாகப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை.

கண் வழியே மிக நீண்டது. ஈரானிலும் மத்திய ஆசியாவின் வறண்ட நிலங்களிலும் வளரும் ரோசா பெர்சிகா, மஞ்சள் இதழின் அடியில் 'கண்' எனப்படும் செங்கறை கொண்ட, கூட்டிலையின்றித் தனியிலையே உடைய விந்தையான செடி. 1836-இல் பாரிஸில் ஹார்டி என்னும் தோட்டக்கலைஞர் வெளிக்கொணர்ந்த கலப்பில் இதன் இணை நம் துணைக்கண்டத்து ஈரநிலங்களின் ரோசா கிளினோஃபில்லா என்று கருதப்படுகிறது. (அந்தக் கிளினோஃபில்லாவையே வெப்பம் தாங்கும் ரோஜாக்களுக்காகக் கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் எடுத்தாண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.) ஹார்டியின் கலப்போ மலட்டுத்தன்மையால் அங்கேயே நின்றது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தில் ஜாக் ஹார்க்னஸ் 'டைக்ரிஸ்' (1985), 'யூஃப்ரட்டீஸ்' (1986) ஆகியவற்றைத் தந்தார். அவற்றுக்குக் கண் இருந்தது. தொடர்ந்து பூக்கும் திறனும் வளமான விதையும் போதவில்லை. வறண்ட நிலத்து மூதாதையிடமிருந்து வந்ததால் ஈரக் காற்றில் இலைநோய்களும் தொற்றின. அடுத்த தலைமுறை வளர்ப்பாளர்கள் அதிலிருந்து மீட்டெடுத்த 'ஐஸ் ஃபார் யூ' போன்ற வகைகளில்தான் கண்ணும் தொடர்பூப்பும் ஒருங்கே அமைந்தன. மூரும் தம் முதிய பருவத்தில் 'பெர்சியன் சன்செட்' முதலியவற்றால் இதே வழியில் நடந்தார் என்பது, வெற்றிபெற்ற கோட்டோடு நின்றுவிடாத அவரது தாகத்தைக் காட்டுகிறது.

அறிமுகப்படுத்தும் கட்டத்தில் கோட்டு வகைக்கும் ஒரு குறை உண்டு. கோடுகள் பூவுக்குப் பூ வேறுபடுவதோடு, சில வேளைகளில் ஒரு கிளை முழுவதும் கோடிழந்து ஒரே நிறத்தில் பூக்கிறது. எனவே குச்சிகளை எந்தக் கிளையிலிருந்து வெட்டுகிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும். பூவைப் பார்க்காமல் குச்சி எடுக்கவே கூடாது. மூர் தம் சிற்றின ரோஜாக்களை ஒட்டுக்கட்டாமல் குச்சி நட்டே பெருக்கினார். அடிச்செடியின் வேகம் குட்டையுருவைக் கெடுக்காது என்பதோடு, மண்ணிலிருந்து வேற்றுத் துளிர் எழும் தொல்லையும் இதில் இல்லை. மூன்று வழிகளுக்குமே இம்முறையை நான் விரும்புகிறேன்.

இந்த வழிகள் ஒன்றையொன்று விலக்குபவையும் அல்ல. மூரின் 'பின்ஸ்ட்ரைப்' உடன் மெக்ரெடியின் தூரிகை ரோஜாவான 'மேஸ்ட்ரோ'வைக் கலந்து 'பெப்பர்மின்ட் ட்விஸ்ட்' உருவாயிற்று. அதன் மகரந்தத்தால் அமெரிக்க வளர்ப்பாளர் டாம் கரூத் பெற்ற 'சென்டிமென்டல்', கோடும் நறுமணமும் கொண்டு, 1997-இல் அனைத்து அமெரிக்க ரோஜாத் தேர்வு விருதைப் பெற்றது.

சில தொட்டிகளும் சில ஆண்டுகளும் மட்டுமே கையிலுள்ள புதிய வளர்ப்பாளர், குட்டையான கோட்டு ரோஜாவிலிருந்து தொடங்குவதே தக்கது. இரண்டாம் தலைமுறைக்குள் நல்ல பலனுக்கு வாய்ப்புண்டு. கண் வழியில் இறங்க விரும்புவோர் பெர்சிகாவையே தேடிப் போகாமல், தொடர்ந்து பூக்கும் அண்மைக்கால வழித்தோன்றலொன்றைப் பெற்று, இலைநோய் தாங்கும் குட்டைச்செடியின் மீது அதன் மகரந்தத்தைச் சேர்க்கலாம்.