நடக்கும் பிணமா, ஓடும் பிணமா: வாசிக்க எது தோது?

செத்தும் எழுந்து மனிதரைத் துரத்தும் பிணங்களின் கதைகளுக்குள், அதாவது ஜாம்பி கதைகளுக்குள், புதிதாக நுழைகிறவர் முதலில் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான். துரத்தி வருவது நடக்க வேண்டுமா, ஓட வேண்டுமா? வைரஸா பூஞ்சையா, துப்பாக்கியா கோடரியா என்பதெல்லாம் அப்புறம். என் கட்சி நடக்கும் பிணம். திரையில் ஓடுவது ஜெயித்துவிட்டுப் போகட்டும், காகிதத்தில் நடப்பதன் பக்கத்தில்கூட அது வரமுடியாது.

வம்சாவளி பலருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாக. ஹெய்ட்டி நாட்டுப்புற ஜாம்பி யாரையும் தின்னாது, எஜமான் ஏவிய வேலையைச் செய்யும் அடிமை அது. மனிதக்கறி தின்னும் கூட்டமாக அதை மாற்றியது ஜார்ஜ் ரொமேரோவின் 1968 படமான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. (அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது.) ரொமேரோ தனக்கு விதை என்று சொன்னது ரிச்சர்ட் மாதிசனின் 1954 நாவல் ‘ஐ ஆம் லெஜண்ட்’, அதில் வருபவையோ ரத்தக்காட்டேரிகள். ஓட்டக்காரர்களை ஊரறியச் செய்தது 2002ல் வந்த ‘28 டேஸ் லேட்டர்’. அவர்கள் செத்தவர்கள் இல்லை, வெறி பிடித்த நோயாளிகள். 2004ல் ‘டான் ஆஃப் தி டெட்’ மறுஆக்கத்தில் பிணங்களும் ஓடின.

இனி விஷயத்துக்கு வருவோம். எல்லாம் தூக்கத்தில்தான் இருக்கிறது.

ஓர் ஆள் சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். பிணத்தின் வேகம் 3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 2 கிலோமீட்டர் முந்திவிடலாம், இதற்கா பயம் என்று சிரிப்பு வரும். ஆனால் பிணம் தூங்காது, உட்காராது, செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்க நிற்காது. நாளொன்றுக்கு 72 கிலோமீட்டர் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் 8 மணி நேரம் படுத்தால் அது 24 கிலோமீட்டர் நெருங்கிவிடும். அந்த 24 கிலோமீட்டரை முன்கூட்டியே சேர்த்துவைக்க 12 மணி நேரம் நடந்திருக்க வேண்டும். மிச்சம் 4 மணி நேரம். அதற்குள் தண்ணீர் தேடி, எதையாவது வேகவைத்து, கால் கொப்புளத்துக்குக் கட்டுப்போட்டு முடிப்பதற்குள் அது இன்னும் 12 கிலோமீட்டர் வந்திருக்கும். முதுகில் 15 கிலோ பையோடு நாள்தோறும் நடக்க முடிவது 25, மிஞ்சினால் 30 கிலோமீட்டர். இரண்டாம் நாளே கணக்கு கைவிட்டுப் போகிறது.

சைக்கிள் இருந்தால் கதை மாறும். மணிக்கு 15 வீதம் 5 மணி நேரம் மிதித்தால் 75 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் லாபம். சத்தமில்லை, பெட்ரோல் வேண்டாம். பஞ்சர் ஆகும்வரை! ஒட்டுப்போடும் சொல்யூஷன் ட்யூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்து போகும். இப்படிப்பட்ட ஒரு சின்ன ட்யூபை வைத்து ஓர் அத்தியாயம் எழுதலாம், ஓடும் வகையில் அதற்கு இடமே இல்லை.

ஓடி ஜெயிக்க முடியாதவர் ஓரிடத்தில் நின்று சுவர் எழுப்பித்தான் ஆகவேண்டும். சுவருக்குக் காவல், காவலுக்கு ஆள், ஆளுக்குச் சோறு, சோறு என்றால் சண்டை. பிழைத்திருத்தல் கதை என்று நாம் சொல்வது முழுக்க இங்கிருந்துதான் முளைக்கிறது.

நல்ல ஆசிரியரையும் சோம்பேறி ஆசிரியரையும் தண்ணீரை வைத்தே பிரித்துவிடலாம். அமெரிக்க அரசின் பேரிடர்க் கையேடுகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் என்கின்றன. 6 பேர் 14 நாள் தாக்குப்பிடிக்க ஏறக்குறைய 320 லிட்டர். எடையும் 320 கிலோ, ஆளுக்கு 53 கிலோ. யாரும் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, ஆக முகாம் தண்ணீர் பக்கத்தில்தான் அமைய வேண்டும். சுத்திகரிக்க வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்), 6 சதவீத வகை என்றால் லிட்டருக்கு 2 சொட்டு, 30 நிமிடம் காத்திருப்பு. கலங்கல் நீரானால் முதலில் துணியில் வடிகட்டி, சொட்டை இரட்டிப்பாக்க வேண்டும். பிளீச்சும் ஓராண்டில் வீரியம் குறைந்துவிடும். பேரழிவு நடந்து மூன்றாம் ஆண்டில் ஒரு கதாபாத்திரம் பழைய பிளீச் புட்டியைக் கண்டெடுத்துக் கொண்டாடினால், எழுதியவர் விசாரிக்கவில்லை என்று பொருள். பெட்ரோலும் அப்படித்தான். எத்தனால் கலந்தது சில மாதங்களிலேயே கெடும். ஐந்தாண்டு நின்ற காரைச் சாவி திருப்பியதும் கிளப்பும் கதைகளுக்குக் குறைவில்லை. பேட்டரி செத்திருக்கும், டயர் தரையோடு ஒட்டியிருக்கும், அதையெல்லாம் யார் கேட்பது?

திகில் வாசகரைக் கட்டிப்போடுவது இந்தக் கேள்விகள்தான். பக்கத்தைப் புரட்டும்போதே நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011ல் ஜாம்பியைச் சாக்காக வைத்தே அவசரகாலப் பை தயார் செய்யச் சொல்லிக்கொடுத்தது. 2021ல் வெளியான ஓர் ஆய்வில், இதுபோன்ற பேரழிவுக் கதைகளை விரும்புகிறவர்கள் கொரோனாவுக்குத் தாங்கள் கூடுதலாகத் தயாராக இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது, அதுவும் 310 பேர்தான். கதை தயார்படுத்தியதா, தயாராக இருப்பவர்கள் இந்தக் கதைகளைத் தேடிப் போகிறார்களா என்பதை அதை வைத்துப் பிரிக்க முடியாது.

நடக்கும் வகையின் பெரிய ஓட்டை ராணுவம். டாங்கியும் பீரங்கியும் இருக்கும்போது தள்ளாடி வரும் பிணத்திடம் ஒரு நாடு எப்படித் தோற்கும்? மாக்ஸ் புரூக்ஸின் ‘வேர்ல்ட் வார் இசட்’ (2006) இதற்கு மெனக்கெடுகிறது. எதிரியைக் காயப்படுத்தி மிரள வைக்கச் செய்த ஆயுதங்கள், வலியும் பயமும் அறியாத கூட்டத்திடம் எப்படி வீணாகின்றன என்று நியூயார்க் அருகே யாங்கர்ஸ் ஊரில் நடக்கும் சண்டையில் காட்டுகிறார். முழுசாக நம்பவைக்கிறதா என்றால், முக்கால்வாசி. இன்னொரு ஓட்டை அழுகல். வெயிலில் கிடக்கும் பிணம் வாரக்கணக்கில் உருக்குலையாமல் இருப்பதற்கு ஒழுங்கான பதில் எந்த ஆசிரியரிடமும் இல்லை, கண்டும் காணாமல் கடந்துபோக வேண்டியதுதான்.

ஓடும் வகைக்கு வருவோம். ‘28 டேஸ் லேட்டர்’ படத்தில் நோய் தொற்றிய ரத்தம் ஒரு சொட்டு ஓர் அப்பாவின் கண்ணில் விழுகிறது. தனக்கே வெறி பிடிக்கும் முன் மகளை விலக்கி நிறுத்த அவருக்கு இருப்பது சில நொடிகள். அந்த வேகத்தை எழுத்தில் கொண்டுவர நினைத்தால் இரண்டு வரியில் தீர்ந்துவிடும், மூன்றாவது வரி எழுதினால் வேகம் போய்விடும். மேலும் உயிருள்ள நோயாளி பட்டினியில் செத்துப்போவான். அந்தப் படத்திலேயே ஒரு மேஜர், நோய் கண்ட தன் வீரனைச் சங்கிலியில் கட்டிவைத்து அவன் சாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்கிறார். அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு சில வாரம் காத்திருந்தால் ஆபத்து தானே அடங்கும். சோறும் தண்ணீரும் சேர்த்துவைத்தவர் ஜெயித்தார், கதை முடிந்தது. கடிபட்டு மாறப்போகிறவர் அதை மற்றவர்களிடம் மறைக்கும் நாடகமும் இங்கே கிடையாது. ‘வேர்ல்ட் வார் இசட்’ 2013ல் படமானபோது கடிபட்டவர் 12 எண்ணுவதற்குள் மாறிவிடுகிறார். புத்தகத்திலோ கடிபட்டவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லை தாண்ட நேரம் இருக்கிறது.

பூஞ்சை தொற்றி மனிதர் மாறிப்போகும் வகை மூன்றாவது கட்சி. எம். ஆர். கேரியின் ‘தி கேர்ள் வித் ஆல் தி கிஃப்ட்ஸ்’ (2014) நாவலில் நோயாளிகள் அசையாமல் நிற்பார்கள், வாசனை பட்டால் பாய்வார்கள். இரண்டு வகையின் லாபத்தையும் ஒரே கதையில் எடுத்துக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் இந்தத் தரத்தில் வந்தவை குறைவு, ஒரு நல்ல நாவலை வைத்து முழு வகைக்கும் தீர்ப்பெழுதத் துணிச்சல் இல்லை.

எதில் தொடங்குவது? ‘வேர்ல்ட் வார் இசட்’ நாவல். பேட்டிகளாக எழுதப்பட்டிருப்பதால் ராத்திரிக்கு ஒன்றிரண்டு என்று படிக்கலாம், நடுவில் பத்து நாள் விட்டாலும் இழை அறுந்துபோகாது. அதன்பிறகு ‘தி வாக்கிங் டெட்’ காமிக்ஸ்: 2003லிருந்து 2019வரை 193 இதழ்கள், கருப்பு வெள்ளை. கடிபட்டாலும் படாவிட்டாலும் அங்கே செத்தவர் எல்லாரும் எழுவார்கள் என்ற ஒரே விதி, எழுப்பிய சுவரைப் பாதி செல்லாக்காசாக்கிவிடுகிறது. உள்ளே காய்ச்சலில் படுத்திருக்கும் கிழவருக்கும் ராத்திரி முழுக்க ஒருவர் காவல் இருக்க வேண்டும், அந்த ஒருவருக்கும் தூக்கம் வரும். 193 மலைப்பாக இருந்தால் முதல் 48 போதும். சிறைச்சாலைப் பகுதி அதோடு முடிகிறது, நிறுத்துவதற்கு அது சரியான இடம்.