மரம் அறுக்கும் மெஷினும் மாட்டுப் பொங்கலும்

மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சியில் இறங்கி, பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது போகிக்கு முதல் நாள். விமான நிலையம், டாக்ஸி, சிம் கார்டு பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது சித்தப்பாவின் மரம் அறுக்கும் மெஷினைப் பற்றி.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரங்களை அறுக்க வாங்கிய மெஷின் அது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பார் 18 அங்குலம். இந்த முறை கூன்வண்டு தின்று செத்த ஒரு மரத்தைச் சாய்த்தோம். அது வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி விழுந்தது. வேலைக்கு வந்த தம்பி நடுவில் வைத்து மேலிருந்து அறுத்தார். இரண்டு முனையும் கரையில், நடுப்பகுதி அந்தரத்தில் என்றால் பாரம் இறங்க இறங்க மேல்பக்க வெட்டு மூடிக்கொள்ளும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழிருந்து அறுத்திருக்க வேண்டும். பார் மாட்டிக்கொண்டது. ஆப்பு அடித்து வெட்டைத் திறக்காமல், மெஷினைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். வெளியே வந்தபோது நுனிப் பக்கம் லேசாகக் கோணியிருந்தது.

டவுனில் மெஷின் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "பார் போச்சுண்ணே, மாத்திடுங்க" என்றார். 18 அங்குலம் இருக்கிறதா? இல்லை, 22தான் இருக்கிறது, ஆர்டர் போட்டால் பொங்கல் கழித்து வரும். நிமிர்த்த முடியாதா என்று கேட்டதற்குச் சிரித்தார். லேத் பட்டறைகள் எல்லாம் பூட்டு. மெல்பர்னில் என்றால் நானும் புதுசுதான் வாங்கியிருப்பேன், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை, தெருக்கோடி ஆசாரி மாடுகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்தார். பட்டறையை விட்டுப் பல வருஷம் ஆகிறது, ஆனால் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இன்னும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. முதலில் செயினைக் கழற்றச் சொன்னார். பாரின் விளிம்பில் செயின் ஓடும் பள்ளமான காடிக்குள் தென்னந்தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக அடைத்திருந்தது. தகரத் துண்டால் அதைச் சுரண்டி எடுத்தோம். அப்புறம் பாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி விளிம்போடு பார்த்தார். "இங்க இருந்துதான் கோணுது" என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

எனக்குத் திருப்தியில்லை. எங்கள் சமையலறை கிரானைட் மேடையில் பாரைப் படுக்க வைத்துப் பார்த்தேன். நுனிக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் தாராளமாகப் போனது. சித்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இது மூன்று தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த பார். பக்கத்தில் தெரியும் சின்னச் சின்ன வட்டங்கள் அந்தப் பற்றுகள்தான். தகடு பிரிந்திருந்தாலோ, விளிம்பில் விரிசல் இருந்தாலோ நிமிர்த்திப் பயனில்லை. ஆசாரி ஒவ்வொரு பற்றையும் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைஸில் வைத்தார். இரண்டு பக்கமும் வேப்பம்பலகை கொடுத்து, சாக்பீஸ் கோட்டுக்குச் சற்று உள்ளே இறுக்கி, நுனியை எதிர்ப்பக்கம் மெதுவாக அழுத்தினார். விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. "ஸ்பிரிங் மாதிரிதான் தம்பி. நேர்கோட்டைத் தாண்டித் தள்ளினாத்தான் நேரா வந்து நிக்கும்." நாலைந்து முறை தள்ளுவதும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுமாக இருந்தார். மிச்சமிருந்த சின்ன நெளிவுக்குப் பலகை மேல் வைத்துக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. இரும்புச் சுத்தியலை எடுக்கவே இல்லை, காடியின் சுவர் நசுங்கிவிடுமாம். காய்ச்சி நிமிர்த்தலாமா என்று சித்தப்பா கேட்டதற்கு, "பதம் போயிடும், அப்புறம் செயின் அதை மெழுகு மாதிரித் தின்னுரும்" என்றார்.

மறுபடி கிரானைட் மேடை. இந்த முறை நாணயம் போகவில்லை, ஒரு தாள் மட்டும் போனது. அது போதும் என்றார். ஒரு இடத்தில் காடி நெருங்கியிருந்ததைத் தகரத்தை விட்டு மெல்ல விரித்து, விளிம்புப் பிசிறை அரத்தால் தட்டையாக உரசினோம். செயினை மாட்டி, கையுறை போட்டு, மெஷினை ஓட்டாமலே கையால் ஒரு முழுச் சுற்று இழுத்துப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை. ஓட்டியபோது வெட்டு இன்னும் துளி இடதுபக்கம் ஓடியது. பாரைச் சந்தேகப்பட்டேன். காரணம் செயின்: ஒரு பக்கப் பற்களை மட்டும் கூடுதலாகத் தீட்டியிருந்தார்கள். அதைச் சரி செய்ததும் நேராக இறங்கியது.

காசு நீட்டினேன். "நல்ல நாளும் அதுவுமா" என்று கையைத் தட்டிவிட்டு, அறுத்த மரத்தில் இரண்டு முழம் கேட்டு வாங்கிப் போனார், திண்ணையில் உட்காரவாம்.

காணும் பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் கடைக்காரர் போன் செய்தார், 18 அங்குலம் வந்துவிட்டதாம். "வாங்கிட்டு வா, அடுத்த தடவை வளைக்க ஆளு இருக்கே" என்றார் சித்தப்பா.