தைவானின் பழைய ராணுவக் குடியிருப்புகள்: ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எது?

தைப்பே போகிறவர்களிடம் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றையாவது பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். உடனே வரும் கேள்வி, "ஒன்று போதும் என்றால் எது?" பயணப் பக்கங்கள் மூன்று பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: 44 தெற்குக் கிராமம், ட்ரெஷர் ஹில், தைச்சுங்கில் இருக்கும் ரெயின்போ வில்லேஜ். மூன்றும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

1949இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்று சியாங் கை-ஷேக்கின் அரசு தைவானுக்குப் பின்வாங்கியபோது, கூடவே 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்து இறங்கினார்கள், பெரும்பாலும் ராணுவத்தினரும் அவர்களுடைய குடும்பங்களும். சீக்கிரமே ஊர் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கை, அதனால் வீடுகளும் அவசரத்துக்குக் கட்டியவைதான்: மூங்கில் தட்டி, மண் பூச்சு, மேலே ஓடு, பல இடங்களில் கழிப்பறை எல்லோருக்கும் பொது. அரிசி, மாவு, எண்ணெய், உப்பு எல்லாம் ரேஷனில் வந்தன. மாண்டரினில் இப்படிப்பட்ட குடியிருப்புக்குப் பெயர் சுவென்சுன். தீவு முழுக்க 800க்கு மேல் இருந்தன. 1996இல் வந்த மறுகட்டமைப்புச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானவற்றை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பிவிட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம்.

44 தெற்குக் கிராமம் போவதற்கு ரொம்பச் சுலபம். தைப்பே 101 மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சில நிமிட நடை, கட்டணம் கிடையாது. சிங்தாவ் நகரிலிருந்து இடம் மாறி வந்த 44ஆம் ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர்களுக்காகக் கட்டியது, பெயரில் உள்ள 44 அதுதான். 1999இல் குடும்பங்களை வெளியேற்றினார்கள், மொத்தக் குடியிருப்பில் நாலு கட்டடங்களை மட்டும் நிறுத்திவைத்து 2003இல் பொது மன்றமாகத் திறந்தார்கள். தாழ்ந்த கூரையோடு லைன் வீடுகள், பச்சையும் நீலமுமாகக் கதவுகள், நடுவே புல்மேடு, பின்னால் 508 மீட்டர் உயரத்துக்கு தைப்பே 101 கோபுரம். இந்தப் படத்தை எடுக்கத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள், ஏதாவது சாப்பிடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அதே வரிசையில் இருக்கும் சின்னக் கண்காட்சி அறைக்குள் நுழையாமல் போவதுதான் எனக்கு வருத்தம். அன்றாடம் புழங்கிய வீட்டுச் சாமான்களையும் பழைய போட்டோக்களையும் அங்கே நின்று பார்த்தால்தான், இவ்வளவு குறுகிய அறையில் ஒரு குடும்பமே எப்படிப் படுத்து எழுந்தது என்பது உறைக்கும். மற்றபடி இங்கே சுவர்தான் பிழைத்தது, குடியிருந்தவர்கள் யாரும் இல்லை. சுத்தமாக, அழகாக இருக்கிறது, ஆனால் வீடு என்கிற உணர்வு வரவில்லை.

ட்ரெஷர் ஹில் கதையே வேறு. கறாராகச் சொன்னால் இது சுவென்சுன் கணக்கிலேயே வராது. அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பு இல்லை, விமான எதிர்ப்புப் பீரங்கி நிலை இருந்த குன்றுச் சரிவில் ஓய்வுபெற்ற சிப்பாய்களும் மற்ற ஏழைகளும் அனுமதி இல்லாமல் கட்டிக்கொண்ட வீடுகள். அதனாலேயே இதை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பேன். அதிகாரிகளுக்கு முற்றத்தோடு வீடு, சிப்பாய்க்கு லைன் வீடு, அதுவும் கிடைக்காதவனுக்கு இந்தச் சரிவு என்ற வரிசையை இதை விட்டுவிட்டால் புரிந்துகொள்ளவே முடியாது. நகராட்சி பூங்கா கட்ட இடிக்கப் பார்த்தது. குடியிருந்தவர்களும் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தின் நகரத் திட்டமிடல் துறையைச் சேர்ந்தவர்களும் விடாமல் போராடித் தடுத்தார்கள். 2010இல் கலைஞர் கிராமமாகத் திறந்தபோது பழைய குடும்பங்களில் சிலவற்றுக்கும் அங்கேயே இடம் கிடைத்தது. குங்குவான் நிலையத்திலிருந்து நடந்தால் முதலில் குவான்யின் என்ற பௌத்த தெய்வத்தின் கோயில், அதைத் தாண்டியதும் ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிகள், கிடைத்த கல்லையும் செங்கல்லையும் வைத்து எழுப்பிய சுவர்கள், ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல். கலைஞரின் பட்டறைக்குப் பக்கத்துக் கொடியில் துணி காய்கிறது. அது காட்சிக்கு வைத்தது இல்லை, அங்கே குடியிருப்பவர்களுடையது. அதனால் குரலைத் தாழ்த்துங்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

ரெயின்போ வில்லேஜைக் காப்பாற்றியது ஹுவாங் யுங்-ஃபூ என்ற முன்னாள் சிப்பாய். குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள் என்ற நிலையில் வயதான காலத்தில் தூரிகை எடுத்துச் சுவர், தரை எல்லாம் பறவையும் பூனையும் மனிதர்களுமாக வரைந்தார். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் மேயருக்கு மனு மேல் மனு போட்டார்கள், 11 வீடுகள் தப்பின. 2022 ஜூலையில் நிர்வாக ஒப்பந்தத் தகராறில் ஓவியங்களில் பெரும்பகுதியின் மேல் பெயின்டைப் பூசி அழித்தார்கள், அப்புறம் மீட்டெடுக்கும் வேலை நடந்தது. 2024 ஜனவரியில் ஹுவாங்கும் காலமானார். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: அந்த வண்ணத்துக்கு அடியில் குடியிருப்பு எப்படி இருந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. தைச்சுங்கில் வேறு வேலை இருந்தால் போங்கள், இதற்காக மட்டும் தைப்பேயிலிருந்து அதிவேக ரயில் ஏற வேண்டாம்.

ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்காமல் ட்ரெஷர் ஹில். அரை நாள் ஒதுக்குங்கள், படிகள் அதிகம், முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் 44 தெற்குக் கிராமமே நல்லது. இரண்டுக்கும் நேரம் இருந்தால் காலையில் 44, கண்காட்சி அறையை முடித்துவிட்டு மெட்ரோ பிடித்து மாலை வெயிலில் குன்று. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், இரண்டு இடத்திலும் உள்ளே பார்க்க வேண்டியதெல்லாம் பூட்டியிருக்கும்.