ஸ்ட்ராபெர்ரியில் பூசணம் பிடிக்காதிருக்க: சில பருவங்களின் அனுபவம்

மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரிலிருந்து குளிர்காலந்தோறும் சென்னைக் கடைகளுக்கு வரும் ஸ்ட்ராபெர்ரிப் பழங்களைச் சில பருவங்களாகப் பலவிதமாகப் பாதுகாத்துப் பார்த்துவிட்டேன். வினிகரைவிடவும் வெந்நீரைவிடவும், பழத்தை நனையவிடாமல் குளிர்ச்சியில் வைப்பதே கூடுதலாகப் பலன் தருகிறது என்பது என் கருத்து.

இப்பழத்தைக் கெடுப்பவற்றுள் இரண்டு பூஞ்சைகள் முக்கியமானவை. சாம்பல் நிறத்தில் மென்மயிராகப் படரும் போட்ரைடிஸ், பெரும்பாலும் செடி பூத்திருக்கும்போதே உள்ளே புகுந்து, பழம் பழுக்கும்வரை அடங்கிக் கிடந்து பிறகு வெளிப்படுவதால், வீட்டில் எவ்வளவு கழுவினாலும் முழுமையாக நீங்காது. மற்றொன்று ரைசோபஸ். வெள்ளை இழைகளின் நுனியில் குண்டூசித் தலை போன்ற கரும்புள்ளிகள் தெரியும். பழம் குழைந்து டப்பாவின் அடியில் சாறு தேங்கும். இது 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அநேகமாக வளர்வதில்லை. போட்ரைடிஸோ 0 டிகிரியிலும் மெதுவாக வளரும். ஆகவே ஃபிரிட்ஜ் கதவில் வைப்பதற்கும், குளிர் கூடுதலாக உள்ள பின்புறத் தட்டில் வைப்பதற்கும் வேறுபாடு நன்றாகவே தெரிகிறது.

வாங்கி வந்ததும் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு பழத்தின் அடிப்பக்கத்தையும் காம்பிலைகளின் கீழேயும் பார்க்கிறேன். நசுங்கியவற்றை அன்றே தின்றுவிடலாம். பூசணம் கண்டதை முழுதாக எறிந்துவிட வேண்டும், ஏனெனில் மென்மையான பழத்தில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். மீதியைக் கழுவாமல், காம்பும் கிள்ளாமல், டிஷ்யூ பேப்பர் விரித்த அகன்ற டப்பாவில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியைச் சற்றுத் திறந்து வைக்கிறேன். இறுக மூடினால் உள்ளே வியர்த்துவிடும். முற்றிலும் திறந்து வைத்தால் பழம் சுருங்கிவிடும். சென்னைக் காற்றில் குளிர்ந்த பழத்தை வெளியே எடுத்த சிறிது நேரத்திலேயே அதன் மேல் நீர் அரும்பிவிடுவதால், வேண்டிய அளவை மட்டும் எடுத்து, எடுத்ததைத் திரும்ப உள்ளே வைப்பதில்லை.

ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அலசும் முறை தீங்கில்லாததுதான், ஆனால் அலசியபின் நன்றாக உலர்த்தாவிட்டால் கழுவாமல் வைத்ததைவிட விரைவில் கெடுகிறது. மூன்று வாரம் தாங்கும் என்று சொல்லும் காணொளிகளை நான் நம்புவதில்லை. 0 டிகிரியும் 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கிடங்கிலேயே இதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம்தான்.

சுமார் 52 டிகிரி வெந்நீரில் 30 விநாடி முக்கி எடுப்பது வினிகரைவிட நன்றாக வேலை செய்கிறது. வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். சூடு கொஞ்சம் ஏறினாலும் பழத்தின் மேல்தோல் வெந்துவிடும். உலர்த்தும் வேலையும் மிச்சமாவதில்லை என்பதால், நிறைய வாங்கிய நாட்களில் மட்டுமே இதைச் செய்கிறேன். இரண்டு மூன்று நாட்களில் தீராது என்று தெரிந்தால், காம்பை நீக்கித் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறையவைத்துவிடுவேன். அதன்பின் அது மில்க் ஷேக்குக்குத்தான் ஆகும்.