மழைக்காலக் காய்ச்சல் முகாம்: வேலூர்வாசி ஒருவரின் மதிப்பீடு

வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு, வேலூர் மாநகராட்சிக்கு உட்பட்ட ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கள் பகுதியில் நடத்திய காய்ச்சல் முகாமையும், அதையொட்டி நடந்த கொசுப்புழு ஒழிப்பு, குடிநீர்ப் பரிசோதனைப் பணிகளையும் பற்றியது இந்த மதிப்பீடு.

மருத்துவப் பகுதியில் எனக்கு முழு நிறைவு. காய்ச்சல் தொடங்கிய நாளை மருத்துவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டு, டெங்குவைக் கண்டறிய, முதல் ஐந்து நாள்களுக்குள் வந்தவர்களுக்கு வைரஸின் புரதத்தைக் காணும் என்எஸ்1 பரிசோதனையையும், அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைக் காணும் ஐஜிஎம் எலிசா பரிசோதனையையும் எழுதிக் கொடுத்தார். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையில்தான் ஆபத்து கூடும் என்பது பலருக்குத் தெரியாது. "காய்ச்சல் விட்டுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள் அம்மா, வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ இருந்தால் இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்" என்று செவிலியர் சலிக்காமல் எல்லோரிடமும் சொன்னார். மாத்திரையைவிட மதிப்புள்ள சேவை அது.

கொசுப்புழு ஒழிப்பைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள் வருவதால் எங்கள் வீடுகளில் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் எப்போதும் நிறைந்திருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அவற்றின் உட்சுவரில் இடும் முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும், நீர் பட்டவுடன் பொரிக்கும் தன்மையுடையவை. ஆகவே தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் பயன் உண்டு. வந்த பணியாளர்களுள் மூத்தவரான ஒரு அம்மாள் மட்டுமே அதைச் செய்து காட்டினார். மற்றவர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றிவிட்டுச் சுவரில் தேதி எழுதிச் சென்றனர். இந்தப் பணி கோடையிலேயே தொடங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குடிநீரிலும் ஏறத்தாழ இதே நிலைதான். கிருமிகளைக் கொல்ல நீரில் கலக்கும் குளோரினில் எஞ்சியது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருக்கிறதா என்பதைக் கடைசித் தெருவின் குழாயில் பார்க்க வேண்டும். இங்கே மேல்நிலைத் தொட்டியடியில் மட்டும் பார்த்தனர்.

எல்லாவற்றிலும் பெரிய குறை தகவலில் இருக்கிறது. காய்ச்சல் என்றால் எங்கள் பகுதியில் பெரும்பாலோர் முதலில் செல்வது தெருமுனைத் தனியார் கிளினிக்குக்குத்தான். அங்கே பதிவாகும் நோயாளிகளின் எண்ணிக்கை முகாம் திட்டத்துக்குள் வந்ததாகவே தெரியவில்லை. இந்தக் குறையை வேறெந்த ஊரிலும்விட இங்கே பொறுத்துக்கொள்வது கடினம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் நச்சுயிரியல் (வைரஸ் ஆய்வு) வல்லுநர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று நடத்திய, 'நதி' எனப்பட்ட வட ஆர்க்காடு (வேலூர் அப்போது அடங்கியிருந்த மாவட்டம்) மாவட்ட சுகாதாரத் தகவல் திட்டத்தில், அரசு மருத்துவர்களோடு தனியார் மருத்துவர்களும் தாங்கள் கண்ட குறிப்பிட்ட சில நோய்களை அச்சிட்ட அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார்கள். திரட்டிய செய்தி மாத இதழாக அவர்களுக்கே திரும்பி வந்தது. பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் இம்முறையைக் கைக்கொண்டது. 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நாடு தழுவி வருவதற்கு முன்பே இம்மாவட்டத்தில் நடந்த வேலை இது.

முகாமுக்கு நம்பிச் செல்லலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பிற்பகலுக்குள் முடித்துவிடுவதால் தோல் தொழிற்சாலைக்குச் செல்வோர் விடுபட்டுப் போகிறார்கள், மாலையிலும் நடத்த வேண்டும். அடுத்த பருவமழைக்கான ஆயத்தக் கூட்டத்துக்குத் தெருமுனைக் கிளினிக் மருத்துவர்களையும் அழைத்து, அவர்கள் காணும் காய்ச்சல் எண்ணிக்கையை வாரந்தோறும் கைப்பேசி வழியாகப் பெற நிலையம் ஏற்பாடு செய்ய வேண்டும்.